ஜன்னல் மாற்றப் போகிறீர்களா?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "பழைய ஞாபகங்களை எல்லாரும் பேசிடுவாங்க. நீங்க ஏதாவது உபயோகமாப் பேசுங்க" என்றார். உபயோகமாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். போன வருடம் முழுக்க என் வீட்டில் ஒரே பேச்சு ஜன்னல்தான். சரி, அதையே பேசிவிடுவோம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருடைய வீடு 1985-க்கும் 1995-க்கும் இடையில் கட்டியது. அந்த ஜன்னல்களுக்கெல்லாம் இப்போது ஆயுசு முடிகிற நேரம். இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற பலருக்கு இன்றோ நாளையோ இந்தச் செலவு வரத்தான் போகிறது.

என் வீடு புழலில். புழல் என்று சொன்னாலே, "எப்ப வெளியே வந்தீங்க?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. மத்திய சிறை சென்ட்ரல் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது 2006-இல். நாங்கள் அதற்கு முன்பே வந்தவர்கள். ஆனால் எங்கள் தெருவில் நடந்து போனால், சிறை எது, வீடு எது என்று சில இடங்களில் சந்தேகம் வரும். அப்படிக் கம்பி போட்டு வைத்திருக்கிறோம்! அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஜன்னல் என்பது போர்த்துக்கீசியர்கள் நமக்கு விட்டுப்போன சொல். பழந்தமிழில் அதற்குக் 'காலதர்' என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ஆங்கிலத்தில் 'விண்டோ' என்பதும் காற்றின் கண் என்ற பொருளுள்ள ஒரு பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிக்காரனும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை, காற்றைப் பற்றித்தான் பேசியிருக்கிறான். இன்று கடைக்குப் போனால் கண்ணாடியைப் பற்றியும் கலரைப் பற்றியும்தான் பேச்சு. காற்றைப் பற்றிக் கேட்பாரில்லை.

எங்கள் வீடு 1990-இல் அப்பா கட்டியது. பதினோரு ஜன்னல், எல்லாம் தேக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊறிப்போய்க் கதவு மூடாது. பங்குனி வந்தால் சுருங்கி இடுக்கு விடும். வடகிழக்குப் பக்கம் இருக்கிற நான்கு ஜன்னல்களில் அடிச்சட்டம் உளுத்துப்போய்விட்டது. காரணம் லேசானது. நம் ஊரின் பெருமழை வடகிழக்குப் பருவமழை. சாரல் அடிப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "பழசு எல்லாத்தையும் எடுத்துடுங்க சார். பதினொண்ணும் ஸ்லைடிங் போட்டுடலாம். வெளியிலேர்ந்து பார்த்தா ஒரே மாதிரி, அம்சமா இருக்கும்." உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் அம்மா, எண்பத்து நான்கு வயது, அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "டேய், காத்து வருமான்னு கேளுடா!"

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

காற்று வருமா வராதா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்ஜ் மேலும் ஏ.சி. மேலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறதே பி.இ.இ. என்ற மத்திய அரசு அமைப்பு, அது 2018-இல் வீடுகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்மைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், வீட்டின் தரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கவனியுங்கள், ஜன்னலின் அளவு அல்ல, திறக்கிற அளவு. இரண்டு கதவு உள்ள ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதி, அதாவது 50 சதவீதம்தான் திறந்ததாகக் கணக்கு. மூன்று கதவு ஸ்லைடிங் என்றால் 67 சதவீதம். நம் பழைய ஜன்னல் மாதிரி கீல் வைத்து வெளியே திறக்கிற கதவு என்றால் 90 சதவீதம்.

இதை ஒரு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். அம்மாவின் அறை 12 அடிக்கு 10 அடி. 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. அந்த அறையில் நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு இருக்கிறது, மொத்தம் 32 சதுர அடி. இரண்டையும் ஸ்லைடிங் ஆக்கினால் திறப்பது 16. கணக்கில் தோல்வி. கீல் கதவாகவே வைத்தால் கிட்டத்தட்ட 29. நல்ல மார்க்கில் பாஸ். சுவரில் ஓட்டை அதேதான், காசும் ஏறக்குறைய அதேதான். வருகிற காற்று மட்டும் பாதியாகிவிடுகிறது. அப்புறம் அதற்கு ஏ.சி. வாங்க வேண்டும், ஏ.சி.க்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும்.

"ஏ.சி.தான் இருக்கே" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் பதிவானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் ஊர் மேலேயே கரை ஏறியது. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை. மின்சாரம் போன மே மாத இரவில் அறையில் காற்று வர வழி இல்லையென்றால், நமக்கு அது புழுக்கம். வயதானவர்களுக்கு அது உயிர் விஷயம். வயதான உடம்புக்குச் சூட்டை வெளியேற்றுகிற சக்தி குறைவு. அம்மா கேட்டது சும்மா கேட்டது இல்லை.

சரி, திறந்தால் மட்டும் போதுமா? நாம் இருப்பது வடசென்னை. இங்கே மூடவும் தெரிந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். சுற்றியுள்ள குப்பங்களில் இருந்தவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் படித்தது வேதியியல். மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில்தான் முப்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லித் தரும் பாதுகாப்புப் பாடம் இது: வாயு கசிந்து, 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்று அதிகாரிகள் அறிவித்தால், ஜன்னல், கதவு எல்லாம் மூடு. ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்து. இடுக்குகளில் ஈரத்துணி வை. 'வெளியேறுங்கள்' என்று சொன்னால் உடனே கிளம்பு. மூடினால் மூடிக்கொள்ளாத ஜன்னலை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை எப்படிக் கடைப்பிடிப்பது?

இங்கேதான் எனக்கே வியப்பான விஷயம். ஸ்லைடிங் கதவு தண்டவாளத்தில் ஓட வேண்டும். அதனால் அதன் ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டைதான் வைக்க முடியும். இறுக்கி அடைத்தால் கதவு ஓடாது. கீல் கதவு மூடும்போது ரப்பர் பட்டையின் மேல் போய் அழுந்துகிறது. ஆகவே நன்றாகத் திறப்பதும் அதுதான், நன்றாக மூடுவதும் அதுதான். ஜி.என்.டி. ரோட்டில் இரவு முழுக்கப் போகிற லாரிச் சத்தத்துக்கும் புழுதிக்கும் இதே பதில்தான்.

ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவு வெளியே திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும் என்கிற குறுகலான சந்துப் பக்கத்துக்கு அதுதான் சரி. பால்கனிக்கும் சரி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் பல இடத்தில் வேறு வழியே கிடையாது. அப்படிப் போட்டால் மூன்று கதவு ஸ்லைடிங் கேளுங்கள். அடித் தண்டவாளத்தில் மழைத் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, எந்தப் பொருள்? இது எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி. நான் இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

மரத்தை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஆசாரி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு ஜன்னலின் அடிச்சட்டத்திலும் குத்திப் பார்த்தார். நான்கில் பொசுக்கென்று உள்ளே போனது. மற்றதில் நுனி கூட இறங்கவில்லை. "சார், இந்த மாதிரி தேக்கு இப்ப காசு குடுத்தாலும் கிடைக்காது. இழைச்சு, கீல் மாத்தினா உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்" என்றார். பழைய சட்டத்தைப் பிடுங்கும்போது சுவரும் பூச்சும் உடைகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

யு.பி.வி.சி. என்கிறார்களே, அது இளக்கும் பொருள் எதுவும் சேர்க்காத கெட்டி பி.வி.சி. துருப்பிடிக்காது, கறையான் ஏறாது, மழையில் ஊறாது. வெயில் அதன் எதிரி. நல்ல சரக்கில் டைட்டானியம் டை ஆக்ஸைடு சரியான அளவு சேர்த்திருப்பார்கள், அது வெயிலைத் தாங்கும். மட்டமான சரக்கு மஞ்சளாகி, நொறுங்கும். அது உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூட்டுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கதவு வளைந்துவிடும். வெட்டிய முனையைக் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அலுமினியம் உறுதியானது, மெலிதாக இருந்தாலும் தாங்கும். ஆனால் உப்புக் காற்று அதில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆகவே அனோடைஸ் செய்ததோ பவுடர் கோட்டிங் செய்ததோதான் வேண்டும். இன்னொன்று, ஈரச் சிமெண்ட் கடும் காரம். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது என்று லேபில் நாம் எல்லாரும் பண்ணிப் பார்த்திருக்கிறோம். கொத்தனார் பூசும்போது சட்டத்தின் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பொருளானாலும் முதலில் போவது கீலும் ஸ்க்ரூவும் கொசுவலையும்தான். புழல் கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் எங்களுக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலைப் பார்த்தபடி வீடு இருப்பவர்கள் 316 கிரேடு கேளுங்கள். விலை கூடத்தான். ஆனால் கடலோர வீட்டில் சாதாரண இரும்புக் கீல் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொசுவலையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குப் பக்கத்திலேயே ஏரி. வலை இல்லாமல் வாழ முடியாது. ஆனால் வெளியே திறக்கிற கதவு, நடுவில் கம்பி, உள்ளே வலை என்று ஆகும்போது, கதவை மூடக் கையை எப்படி விடுவது? இதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உள்பக்கம் திறக்கிற வலைக் கதவு வைத்தால் பிரச்சினை இல்லை. இதைக் கேட்காமல் விட்டால், வலைக்குப் பயந்து ஜன்னலை வருடம் பூரா மூடியே வைத்திருப்போம். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடலாமா என்று கேட்கிறார்கள். மேற்குப் பக்க வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே திரைச்சீலை போட்டால், சூடு ஏற்கெனவே உள்ளே வந்த பிறகு அதற்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. நல்ல சன்ஷேட், அல்லது வெளியே ஒரு மூங்கில் தட்டி. நம் பாட்டன் செய்ததுதான். கறுப்புக் கண்ணாடி வெயிலை எந்த அளவு தடுக்கிறதோ அந்த அளவு வெளிச்சத்தையும் தின்றுவிடும். பகலில் லைட் போட வேண்டும்.

குழந்தைகள் ஓடியாடுகிற இடத்தில், தாழ்வாக இருக்கிற பெரிய கண்ணாடிக்கு டஃபன்ட் கண்ணாடி போடுங்கள். உடைந்தாலும் கத்தி மாதிரி நீளமாக இல்லாமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். அளவு வெட்டிய பிறகுதான் அதைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். அப்புறம் வெட்ட முடியாது. அதனால் அளவெடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது.

இப்போது அந்தக் கம்பி விஷயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் முன்னறையில் வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருந்தபோது புகை கிளம்பியது. வாசல் பக்கம் போக முடியவில்லை. குடும்பம் பின்னறைக்குள் போனது. அங்கே ஜன்னல் பெரிது, கம்பியும் பெரிது. சுவரில் புதைத்த கம்பி. நாங்கள் நாலு பேர் கடப்பாரை வைத்து நெம்பிய அந்தச் சில நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பெண், "அண்ணா, குழந்தையை மட்டுமாவது எடுத்துக்குங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள்.

திருடனுக்குப் பயந்து கம்பி போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் படுக்கிற ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னலிலாவது, உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்த கிரில் கதவு வையுங்கள். சாவி பக்கத்திலேயே ஓர் ஆணியில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தொங்கட்டும். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள், துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும். வெல்டிங் பட்டறையில் இதற்கு ஆகிற அதிகச் செலவு மிகக் கொஞ்சம்.

கடைசியாக நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். பதினொன்றில் ஆறு தேக்கு ஜன்னல்களை அப்படியே வைத்துக்கொண்டோம். இழைத்து, ஸ்டெயின்லெஸ் கீல் மாற்றி, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினோம். சாரல் அடிக்கிற பக்கத்து நான்குக்கு யு.பி.வி.சி. கீல் கதவு. சந்தைப் பார்த்த ஒன்றுக்கு மட்டும் மூன்று கதவு ஸ்லைடிங். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இல்லைதான். அதனால் என்ன? ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒவ்வொரு வேலை. ஒன்று மழையைத் தடுக்கணும், ஒன்று கடற்காற்றை வாங்கணும், ஒன்று லாரிச் சத்தத்தை நிறுத்தணும். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை தைத்தால் எப்படி?

கொட்டேஷன் வாங்கும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று மட்டும் ஒப்பிடாதீர்கள். சட்டத்தின் கனம், கண்ணாடியின் கனம், கீல் என்ன கிரேடு, வலை சேர்த்தா, பழையதை எடுப்பதும் பூச்சு வேலையும் யார் கணக்கு, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அதோடு, 'இந்த ஜன்னல் திறந்தால் எத்தனை சதுர அடி திறக்கும்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு வீடு கட்டுகிற கவலை இப்போது இல்லை. ஆனால் வீட்டில் ஒரு டேப்பும் பேப்பரும் இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் தாத்தாவோ பாட்டியோ படுக்கிற அறையை அளந்து பாருங்கள். தரையை ஆறால் வகுத்து, ஜன்னல் திறக்கிற அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அப்பாவிடம் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்து ஜன்னலை மாற்ற முடியாது என்றால், அடைத்து வைத்த பீரோவையாவது நகர்த்தி வையுங்கள். நம் கல்லூரி சொல்லிக் கொடுத்த கணக்குக்கு இதைவிட நல்ல பிரயோகம் எனக்குத் தெரியவில்லை.